விரல் வீக்கமும் செதிற்படையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் நோயைப் பற்றிப் பேச எழுவது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். யான் மருத்துவன் அல்லேன். ஆயினும், திருவள்ளுவனார் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டினார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. இந்நான்கனுள் இரண்டாவதும் மூன்றாவதும் மருத்துவசாலையைச் சார்ந்தவை. முதலாவதும் நான்காவதும் நம் வீட்டைச் சார்ந்தவை. வீட்டைச் சார்ந்த பகுதியில் நாம் தவறுவோமாயின், மருத்துவசாலை எத்துணைச் சிறந்ததாயினும் பயன் குன்றும். அப்பகுதியைப் பற்றிப் பேசுதற்கு மருத்துவர் அல்லாதாரும் உரியரே என்னும் துணிவினாலேயே உங்கள்முன் நிற்கின்றேன்.

இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள், உடலிற் செதிற்படை உடையார்க்குக் கைவிரலோ கால்விரலோ நெடுக வீங்குதலும் அதற்குரிய சிகிச்சையுமாகும். இப்படையை மேனாட்டு மருத்துவர் சோரியாசிஸ் என்பர். சித்த மருத்துவர் காளாஞ்சகப் படை என்பர். அதனோடு சேர்ந்து வரும் மூட்டு நோயைச் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என வழங்குவர். நாவுக்கு எளிதாக அதனைப் படைவாதம் என்றே யான் இங்கே குறிப்பேன்.

இதனை நம் சங்கத்தில் ஏன் பேசவேண்டும் என்று கேட்பீராயின், நம் சீமையின் பிழைப்பு முழுவதும் விரல்நுனியில் நிற்கின்றது என்பதே விடை. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காட்டிற் பருத்தி எடுப்பதும், மிளகாய்ப் பழம் பறிப்பதும், உளுந்துக்கும் பாசிக்கும் களை எடுப்பதும் விரல்களே. தீப்பெட்டித் தொழிலிற் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் விரல்களே. 2020ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலைமிட்டாயைப் பாகு ஆறுமுன் பரப்பித் துண்டு செய்வதும் விரல்களே. நிலம் இல்லாதவர்க்கும் மழை பொய்த்த ஆண்டில் நிலம் உடையவர்க்கும் எஞ்சி நிற்கும் முதல் பத்து விரல்களாம். அம்முதலைக் கரைக்கும் நோய் ஒன்று உண்டு. காலத்திற் கண்டால் அதனைத் தடுக்கவும் கூடும். இவ்வளவே யான் சொல்ல வந்த செய்தி. எஞ்சியன எல்லாம் அதன் விரிவு.

நோயின் வரலாறு

செதிற்படை பழமையான நோய். மேனாட்டினரும் நெடுங்காலம் இதனைத் தொழுநோயோடு சேர்த்தே எண்ணி மயங்கினர். இலண்டன் நகர மருத்துவர் இராபர்ட் வில்லன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் இயல்பைத் தெளிவாக விரித்தெழுதினார். வியன்னா நகரத்து ஃபெர்டினாண்டு ஹெப்ரா 1841இல் இது வேறு, தொழுநோய் வேறு என ஐயமறப் பிரித்துரைத்தார். அதற்கு முன்னரே, 1818இல், பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் படையுடையார் சிலர்க்கு மூட்டு நோயும் உடன் வருதலைக் குறித்திருந்தார். எனினும் படைவாதம் தனியொரு நோயென்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் ஏற்றுக்கொண்டது 1964இலேதான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மோல், ரைட் என்னும் இருவர் 1973இல் அதனை ஐந்து வகையாகப் பிரித்தனர். இதனை இனங்காண்டற்கு இன்று மருத்துவ உலகிற் பெரிதும் கையாளப்படும் இலக்கணம் 2006இல் வகுக்கப்பட்டது. விரல் நெடுக வீங்குதல் அவ்விலக்கணத்தில் ஓர் உறுப்பாக வைத்து எண்ணப்பட்டுள்ளது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. கற்ற மருத்துவரே நூற்றாண்டுக் கணக்கில் மயங்கிய நோய் இது. ஆதலின் நம் ஊரில் ஒருவர் இதனைத் தொழுநோயென்று அஞ்சுவாராயின் அவரை இகழற்க. அவர்க்கு உண்மையை எடுத்துச் சொல்லுக. இது தொடுதலாற் பரவாது. ஒரே கிணற்று நீராலும், ஒரே பாயாலும், ஒரே பாத்திரத்தாலும் பரவாது. இதனை உண்டாக்கும் கிருமி எதுவும் இல்லை. 2014ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இது தொற்றாத நோயென்றும், நோயாளிகளை மக்கள் ஒதுக்குதல் பெருந்தீங்கு என்றும் தீர்மானம் நிறைவேற்றிற்று.

விரலின் உள்ளே நிகழ்வது

உலகில் நூற்றுக்கு 2 அல்லது 3 பேர்க்குச் செதிற்படை உண்டு என்பர். நம் நாட்டில் அத்தொகை சற்றுக் குறைவாகவும் காணப்பட்டுள்ளது. படையுடையாரில் ஐவரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை மூட்டு நோயும் அடைகின்றனர். அங்ஙனம் அடைந்தாரில் ஏறத்தாழப் பாதிப் பேர்க்கு ஏதேனும் ஒரு காலத்தில் விரல் நெடுக வீங்குகின்றது. பெரும்பாலார்க்குப் படை முன்னர் வந்து, ஆண்டுகள் சில கழிந்தபின் மூட்டு நோய் வரும். சிலர்க்கு இரண்டும் ஒருங்கே வரும். வேறு சிலர்க்கு மூட்டு நோய் முந்திக்கொள்ளும்.

வேறு வாத நோய்களில் விரலின் கணு மட்டும் முடிச்சுப்போற் பருத்து, இடைப்பகுதி மெலிந்திருக்கும். படைவாதத்திலோ அடி முதல் நுனி வரை விரல் ஒரே பருமனாய்த் திரளும். அவித்த பனங்கிழங்கு போலத் தோன்றும். கைவிரலினும் கால்விரலிலேயே இது மிகுதி. இரு கைகளிலும் ஒத்து வாராது, ஒரு பக்கம் ஒரு விரல், மறுபக்கம் வேறொரு விரல் என ஒழுங்கின்றி வரும்.

இதன் காரணத்தையும் எளிதில் விளக்கலாம். விரலை மடக்கும் நரம்புக் கயிறு, வாள் உறையிற் செல்வது போல, ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகின்றது. அக்கயிற்றின் முனை எலும்பில் வேரூன்றி நிற்கின்றது. படைவாதத்தில் அவ்வேரடியும், அவ்வுறையும், மூட்டின் உட்சவ்வும், சூழ்ந்துள்ள தசையும் ஒருங்கே அழற்சி கொள்கின்றன. மழைநீர் உண்ட கரிசல் மண் வயல் முழுவதும் உப்புவது போல விரல் முழுவதும் உப்புகின்றது. உடலைக் காக்கும் படையே திசை மாறித் தன் வீட்டைத் தாக்குதலால் நிகழும் கேடு இது. அப்படையைத் தூண்டிவிடும் தூதுப் பொருள்களையும் மருத்துவர் கண்டறிந்துள்ளனர். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 17, இன்டர்லூக்கின் 23 என்பன அவற்றுள் முதன்மையானவை. இப்பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. தூதைத் தடுத்தாற் போர் தணியும் என்னும் கருத்து மட்டும் நினைவில் நிற்பின், புதிய மருந்துகளின் இயல்பு விளங்கும்.

ஊறு பட்ட இடத்திற் படை புதிதாய்த் தோன்றும் என்று ஹைன்ரிக் கோப்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1872இல் எடுத்துக்காட்டினார். மூட்டிற்கும் அவ்வியல்பு உண்டென்று இக்காலத்தார் பலர் கருதுகின்றனர். ஆகவே வீங்கிய விரலை ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று இழுத்து நீவுதலும், முறித்துச் சொடுக்கெடுத்தலும், சூடிடுதலும் தீங்கு விளைப்பனவே.

காலக்கெடு

அன்பர்களே! இவ்விடத்தைச் சிறிது கூர்ந்து கேட்க வேண்டுகின்றேன். வீங்கிய விரல் சில வாரங்களில் தானே வடிவதும் உண்டு. அதனால், ‘வந்தது, போயிற்று’ என்று பலர் இருந்துவிடுகின்றனர். ஆனால் வீங்கி வடிந்த விரல்களில், வீங்காத விரல்களைக் காட்டிலும் எலும்பு அரிப்பு மிகுதியாகக் காணப்படுகின்றது. அரிப்பு முற்றிய சிலர்க்கு ஒரு விரலெலும்பின் முனை எழுதுகோல் போற் கூராகத் தேய்ந்து, எதிர் எலும்பு கிண்ணம் போற் குழிந்து, மூட்டு என்பதே இல்லாது போகின்றது. அழற்சியை மருந்து தணிக்கும். அரித்துப்போன எலும்பை எம்மருந்தும் பழையபடி ஆக்குவதில்லை.

அயர்லாந்து நாட்டில் 283 நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மூட்டு நோய் தோன்றியபின் மூட்டு நோய் மருத்துவரை அடைய ஆறு மாதம் கடந்துவிட்டவர்களுக்கு, விரைந்து அடைந்தவர்களைவிட எலும்புச் சிதைவும் செயற்குறைவும் மிகுந்திருந்தன என்பது அதன் முடிவு. ஆறு மாதம் என்பது நம் காட்டில் விதைப்புக்கும் அறுவடைக்கும் உள்ள இடைவெளி. ‘பருத்தி எடுத்து முடியட்டும், பார்த்துக்கொள்வோம்’ என்று ஒத்திவைக்கும் அக்காலத்துள் எலும்பு கரையத் தொடங்கிவிடும்.

வீட்டிலேயே காணத்தக்க அடையாளங்கள்

செதிற்படை உடையவரோ, அவர்தம் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தாரோ தம்மைத் தாமே ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்க. மூட்டு ஏதேனும் எப்போதேனும் வீங்கியதுண்டா? உனக்கு வாதநோய் என்று மருத்துவர் எவரேனும் கூறியதுண்டா? நகத்தில் ஊசியாற் குத்தியது போன்ற குழிகள் உண்டா? குதிகாலில் நோவு உண்டா? அடிபடாமலே ஒரு விரல் முழுவதும் வீங்கி நொந்ததுண்டா? இவற்றுள் மூன்றற்கு ‘ஆம்’ என்பது விடையாயின் மூட்டு நோய் மருத்துவரைக் காண்க என்பது மேனாட்டு மருத்துவர் வகுத்த முறை. ஐந்தாவது ஒன்றற்கே ‘ஆம்’ எனினும் காத்திராது மருத்துவரிடம் செல்க என்பது என் வேண்டுகோள்.

வீக்கத்தை அளத்தற்கும் எளிய வழி உண்டு. லீட்ஸ் நகர மருத்துவர்கள் 2005இல் இதற்கென ஒரு கருவியும் முறையும் அமைத்தனர். விரலின் அடியைச் சுற்றி அளந்து, மறு கையின் அதே விரலோடு ஒப்பிடுவது அம்முறை. நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகுந்திருப்பின் வீக்கம் என்று கொள்வர். ஒரு விரல் 60 மில்லிமீட்டராயின், மற்றையது 66 இருத்தல் வீக்கமாம். நம் வீட்டில் ஒரு காகித நறுக்கும் பள்ளிப் பிள்ளையின் அளவுகோலும் போதும். தேதியிட்டுக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால், மருந்து வேலை செய்கின்றதா என்பதை அவர் எளிதில் அறிவார்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். முடக்குவாதத்திற்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்னும் பரிசோதனை படைவாதத்திற் பெரும்பாலும் இல்லையென்றே வரும். அதனைக் கண்டு ‘இரத்தத்தில் வாதம் இல்லை’ என்று மகிழ்ந்து வீடு திரும்புவோர் பலர். அப்பரிசோதனை இல்லையென வருதல் படைவாதத்தின் இலக்கணங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றது. ஆகவே மருத்துவரிடம் விரலைக் காட்டுவதோடு, முழங்கையிலும் தலைமயிர்க்குள்ளும் தொப்புளிலும் மறைந்துள்ள படையையும் நாணாது காட்டுக. தோல் மருத்துவரிடம் மூட்டைச் சொல்லாமலும், மூட்டு மருத்துவரிடம் தோலைச் சொல்லாமலும் இருப்பதாலேயே நோய் ஆண்டுக்கணக்கில் ஒளிந்து திரிகின்றது.

வீங்கிய விரல் எல்லாம் படைவாதம் என்று முடிவு செய்தலும் ஆகாது. நகச்சுற்று வந்து சீழ் கொண்டிருக்கலாம். கவுட் என்னும் யூரிக் அமில வாதம் ஓரிரவிற் பெருவிரலைச் சிவக்கச் செய்யலாம். நீரிழிவுடையார்க்குக் காற்புண் உள்ளே பரவியிருக்கலாம். சிறுவர்க்குக் காசநோய் விரலெலும்பைத் தாக்கியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவர் கடன். நகச்சுற்றென்று தாமே துணிந்து எலுமிச்சம்பழத்திற்குள் விரலைச் செருகி வாரக்கணக்கில் காத்திருப்பதும், பிளேடு கொண்டு கீறுவதும் வேண்டா. படைவாத விரலைக் கீறினாற் சீழ் வாராது. புண் மட்டும் எஞ்சும்.

சிகிச்சை முறைகள்

இனி, மருந்துகளைச் சுருக்கமாகக் கூறுவேன். எவர்க்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவரே வரையறுப்பர்.

முதற்படி, அழற்சியையும் நோவையும் தணிக்கும் மாத்திரைகள். இலேசான வீக்கத்திற்கு இவை உதவும். ஆனால் கடையில் தாமே வாங்கி நாடோறும் விழுங்குதல் இரைப்பையைப் புண்ணாக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். கோடையிற் போதிய தண்ணீர் குடியாது வெயிலில் உழைக்கும் நம் மக்களுக்கு அக்கேடு இரட்டிப்பு.

இரண்டாம் படி, வீங்கிய விரலின் மூட்டிலோ நரம்புறையிலோ தேர்ந்த மருத்துவர் இடும் ஸ்டீராய்டு ஊசி. ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் வீங்கியிருப்பின் இது விரைவில் நலம் தரும். இதே ஸ்டீராய்டை மாத்திரையாக நெடுநாள் உண்டு, பின்னர்த் திடீரென நிறுத்தினாற் படை சீறி எழும். சிலர்க்கு உடல் முழுவதும் சீழ்க்கொப்புளம் பரவி உயிர்க்கே இடர் நேரும். பெயரும் முத்திரையும் இல்லாத பொட்டலப் பொடிகளை ஒரே நாளில் நோவு தீர்க்கும் என்று விற்பார் உளர். அவற்றிற் சிலவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருத்தல் பலகால் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. உண்ணும் பொருளின் பெயரைச் சொல்லாதவரிடம் மருந்து வாங்கற்க.

மூன்றாம் படி, நோயின் போக்கையே மாற்றும் மாத்திரைகள். மெதோட்ரெக்சேட், சல்பசலசின், லெஃப்லுனோமைடு என்பன அவை. இவற்றுள் மெதோட்ரெக்சேட்டைப் பற்றி உரத்த குரலிற் கூறுகின்றேன்: இம்மருந்தை மருத்துவர் வாரத்திற்கு ஒருமுறை உண்ணவே தருவர். மற்ற மாத்திரைபோல் நாடோறும் உண்டு, வாய் வெந்து, இரத்த அணுக்கள் குன்றி இறந்தவர்கள் பல நாடுகளிலும் உளர். படிக்கத் தெரியாத தாய்க்கு இம்மாத்திரையைக் கொடுக்கும் மகன், ஒரு கிழமையைக் குறித்து, நாட்காட்டியில் வட்டமிட்டு, அந்நாளில் மட்டும் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கக் கடவன். இதனை உண்பவர் மது அருந்தலாகாது. கருவுற்ற பெண்டிர்க்கும் கருவுற எண்ணும் பெண்டிர்க்கும் இது கூடாது. பிள்ளைப்பேறு விரும்பும் ஆடவரும் முன்னரே மருத்துவரைக் கேட்டல் வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையையும், காலந்தோறும் இரத்த, ஈரல் பரிசோதனைகளையும் விடலாகாது.

நான்காம் படி, யான் முன்னர்ச் சொன்ன தூதைத் தடுக்கும் மருந்துகள். அடலிமுமாப் போன்றவை டி.என்.எஃப்.ஐத் தடுக்கும், செகுகினுமாப் போன்றவை இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும், குசெல்குமாப் போன்றவை இன்டர்லூக்கின் 23ஐத் தடுக்கும். இவை ஊசி மருந்துகள். டோஃபாசிடினிப், அப்ரெமிலாஸ்ட் முதலியன வாயால் உண்ணத்தக்கவை. விரல் வீக்கத்தையே முதற்பொருளாக வைத்துப் போர்ச்சுகல் நாட்டில் 44 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், மெதோட்ரெக்சேட் மட்டும் பெற்றாரினும், அதனோடு டி.என்.எஃப். தடுப்பு மருந்தும் பெற்றார் ஆறு மாதத்தில் மிகுந்த நலம் அடைந்தனர். முன்பு இம்மருந்துகள் செல்வர்க்கே உரியன என்னும் நிலை இருந்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அகமதாபாத்து நகரக் கம்பெனி ஒன்று அடலிமுமாபை ஒத்த மருந்தை நம் நாட்டிலேயே செய்து, மூல மருந்தின் விலையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு வெளியிட்டது. இன்றும் அது ஏழைக்கு எளிய விலையன்று. ஆயினும் எட்டாக் கனி என்று கைவிடவேண்டிய நிலை மாறியுள்ளது. இவ்வகை மருந்துகள் பலவற்றிற்கும் முன்னர், மறைந்துள்ள காசநோய் உண்டா எனப் பரிசோதித்தல் இன்றியமையாதது. உறங்கும் காசநோயை இவை எழுப்பிவிடக் கூடும்.

சித்த மருத்துவத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயிலிட்டு வெயிலில் வைத்து எடுக்கும் கருஞ்சிவப்புத் தைலம் படைக்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பாளையங்கோட்டை அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியில் முறையாகக் கற்ற மருத்துவர்களும் உளர். தோலின் வறட்சிக்கு அவர்கள் சொல்லும் தைலத்தைப் பூசுவதை யான் தடுப்பேன் அல்லேன். ஆனால் மேற்றோலிற் பூசும் தைலம் எலும்பின் அரிப்பை நிறுத்திவிடும் என்று நம்பிக் காலத்தை இழத்தல் கூடாது. இரு வழி மருந்தும் உண்பவர் இரு மருத்துவரிடமும் அதனை ஒளியாது உரைக்கவேண்டும். கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கிவிட்டால் விரல் வடியும் என்பதும் வீண். புகையையும் மதுவையும் விலக்குதலும், பருத்த உடலைக் குறைத்தலும் பயன் தருவன. உடல் எடை குறைந்தவர்க்கு மருந்தும் நன்கு பலிக்கின்றது.

விரல் கடுத்து வீங்கிய நாளில் அதற்கு ஓய்வு கொடுத்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் ஒற்றுக. கடுமை தணிந்தபின் நாடோறும் மெல்ல மடக்கி நீட்டுக. அசையாத விரல் விறைத்துப் போம். கால்விரல் வீங்கினவர் முன்புறம் அகன்ற மெல்லிய செருப்பு அணிக. மழை நாளில் அடியில் ஒட்டும் கரிசல் மண்ணை இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு நெடுந்தூரம் நடவற்க.

வீட்டார் கடமை

தாய்மார்களே! உங்களிடம் ஒரு சொல். விரல் வீங்கத் தொடங்கியவுடன் மோதிரத்தையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்றுதல் அமங்கலம் என்று அஞ்சி, வீக்கம் ஏற ஏற உலோகம் சதையிற் புதைந்து, இரத்த ஓட்டம் தடைப்படும் நிலைக்கு வந்தபின் ஆசாரியைத் தேடி ஓடும் நிலை நம் ஊர்களில் உண்டு. விரல் இருந்தால் அல்லவோ மெட்டி இருக்கும்? கணவன் உயிரோடிருக்க மனைவியின் கால்விரல் அழுகவேண்டும் என்று நம் முன்னோர் எவரும் விதித்திலர். மாமியாரும் நாத்தனாரும் தாமே முன்வந்து, ‘அம்மா, கழற்றி வைத்துக்கொள், குணமானபின் அணியலாம்’ என்று சொல்வாராயின், அச்சொல் மருந்தினும் சிறந்ததாகும்.

மணப் பேச்சினால் விளையும் தீங்கு இதனினும் பெரிது. பெண்ணுக்குப் படை இருப்பது வெளியில் தெரிந்தால் வரன் கிடையாது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். கையை முந்தானையால் மூடி, அண்டை வீட்டார் காணாதபடி மருத்துவசாலைக்குச் செல்வதையே தவிர்த்து, ‘கலியாணம் முடியட்டும்’ என்று நாள் கடத்துகின்றனர். எலும்பு கரையும் காலமும் அதுவேயாம். இந்நோயிற் பரம்பரைச் சார்பு உண்டு என்பது உண்மை. குடும்பத்தில் ஒருவர்க்கு இருப்பின் மற்றவர்க்கு வரும் வாய்ப்பு சற்று மிகுதி. எனினும் நோயுடையார் பெற்ற பிள்ளைகளிற் பெரும்பாலார்க்கு இது வருவதில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பரம்பரைச் சார்பு உடையன அல்லவோ? அவற்றைக் கேட்டு எந்த வரனையும் நாம் தள்ளுவதில்லை. படையை மட்டும் குலத்தின் மாசாகக் கருதுதல் எவ்வகையிலும் நீதியன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்கள் இதில் ஒரு மனப்பட்டால், மறைக்கவேண்டிய தேவையே நீங்கும். இந்த ஒன்றை எந்த மருத்துவசாலையும் செய்யாது. நம்மைப் போன்ற சங்கங்களே செய்யவல்லன.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

முடிவாக, சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று: செதிற்படை உடையவர் பெயரைக் கேளாமலும் வெளியிடாமலும், யான் கூறிய ஐந்து கேள்விகளைத் துண்டுத்தாளாக அச்சிட்டு வீடுதோறும் கொடுக்க வேண்டும். இரண்டு: தனியே செல்ல நாணும் பெண்டிர்க்கும் முதியவர்க்கும் துணையாக நம் இளைஞரும் மாதர் குழுவினரும் செல்ல வேண்டும். கோவில்பட்டி அரசினர் மருத்துவமனையில் முதலிற் காட்டி, வேண்டுமாயின் அங்கிருந்து சீட்டுப் பெற்றுத் தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை ஆகிய ஊர்களிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அடையலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உடையவர், தம் சிகிச்சையில் எப்பகுதிக்கு அது உதவும் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறிக. ஒரு நாட் கூலி போகின்றதே என்று தயங்குவார்க்கு அக்கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுத்தாலும் அது நற்செலவே. மூன்று: மணப் பேச்சில் இந்நோயைக் காரணமாக்கி வரனைத் தள்ளுதல் தகாது என்று நம் பெரியோர் இம்மன்றத்திலேயே ஒரு தீர்மானம் இயற்ற வேண்டும்.

மருத்துவர் உளர், மருந்தும் வந்துவிட்டது. வள்ளுவனார் வகுத்த நான்கனுள் எஞ்சிய இரண்டும் நம்மவை. வீங்கிய விரலை மறைக்காமல் நீட்டும் துணிவு நோயாளிக்கும், நீட்டிய விரலைப் பற்றி அழைத்துச் செல்லும் அன்பு வீட்டார்க்கும் உண்டாகுமாக.